ஒவ்வாமை: இல்லை

எங்கள் ஆஸ்பத்திரியின் ஒப்பரேசன் தியேட்டருக்கு, விரலால் தொட்டு இயக்குகிற ஒரு டெப் வந்திருக்கிறது. நோயாளியை உள்ளே கொண்டுவந்ததும் அதில் கேள்விகள் வரும். கேள்விக்குப் பக்கத்தில் உள்ள பெட்டியைத் தொட்டால் பச்சையாகும். எல்லாம் பச்சையானால்தான் அடுத்த பக்கம் திறக்குமாம். இதை ஆரம்பித்து வைக்க ஒரு விழா, விழாவுக்கு ஒரு சிறு மலர், மலருக்கு ஒரு கட்டுரை. "சரிபார்ப்புப் பட்டியலின் முன்னோடி" என்ற தலைப்பில் என்னைப் பற்றி நானே இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று சுகிர்தா போனில் கேட்டார்.

சுகிர்தா சொறிக்கல்முனை ஊர்ப் பிள்ளை. எனக்குக் கீழ் தாதியாக வேலைக்கு வந்தவர், இன்று அந்தத் தியேட்டருக்கே பொறுப்பானவர். "சேர், நீங்க எழுதினாத்தான் புதுசா வந்த பிள்ளைகளுக்கு விளங்கும்" என்றார். எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுதியதை மலரில் போடுவதா, மடித்து மேசை லாச்சிக்குள் வைப்பதா என்பது இனி அவர் பாடு.

ஏனென்றால் நான் முன்னோடிதான், ஆனால் அவர்கள் நினைக்கும் விஷயத்தில் அல்ல. நோயாளியின் முகத்தைப் பார்க்காமலே பட்டியலில் சரி அடையாளம் போடும் வேலையில் இந்தக் கிழக்குக் கரையோரத்தில் என்னை யாரும் வென்றதில்லை. ஆறு பேரின் ஆறு படிவங்களை ஒரு கோப்பை பிளேன்ரீ ஆறுவதற்குள் நிரப்பி முடிப்பேன். கையெழுத்து வேறு முத்து முத்தாக இருக்கும்.

நான் தாதித் தொழிலுக்கு வந்த கதையில் பெருமைப்பட ஒன்றுமில்லை. உயர்தரப் பரீட்சையில் இரசாயனம் இரண்டு தரம் என்னைக் கவிழ்த்தது. அதிலும் சேதன இரசாயனம், கரிமச் சேர்வைகளின் பாடம். ஒரு மூலக்கூறு இன்னொன்றோடு சேர்ந்தால் என்ன வரும் என்று கேட்டால் பாடமாக்கிச் சொல்லிவிடுவேன். ஏன் வருகிறது, எப்படி வருகிறது, அணுவுக்குள் இருக்கிற இலத்திரன் எந்தப் பக்கமாகப் போகிறது என்று வளைந்த அம்புக்குறி கீறிக் காட்டு என்றால் என் அம்புகள் கண்டபடி பாயும். டொக்டராக்க வேண்டும் என்று வாப்பா நெல் விற்று ரியூசனுக்கு அனுப்பினார். கடைசியில் டொக்டருக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளாக வந்தேன். மட்டக்களப்பில் மூன்று வருடப் பயிற்சி, நோயாளர் வாட்டுகளில் சில வருடம், பிறகு ஓய்வு பெறும்வரை தியேட்டர். அவ்வளவுதான் என் சரித்திரம்.

இரசாயனத்திடமிருந்து தப்பிவிட்டேன் என்று நிம்மதியாக இருந்த காலத்தில்தான் டொக்டர் தவநேசன் மாற்றலாகி வந்தார். காரைதீவுக்காரர், மயக்க மருந்து நிபுணர். கம்பஸில் படித்த காலத்தில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இரசாயனம் சொல்லிக் கொடுத்தவர். மருத்துவம் அவருடைய தொழில், ஆனால் காதல் முழுக்கச் சேதன இரசாயனத்தின் மேல்தான். எந்த மருந்தைக் கையில் எடுத்தாலும் அதன் கட்டமைப்பைக் கீறாமல் அவருக்கு ஊசி ஏறாது.

எங்கள் தியேட்டரில் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. உள்ளே எடுத்த பஞ்சு எத்தனை, வெளியே வந்த பஞ்சு எத்தனை என்று எண்ணி எழுதுவதற்கான பலகை அது. டொக்டர் வந்த முதல் கிழமையிலேயே அது அவருடைய வகுப்பறையாகிவிட்டது. வளையங்களும் அம்புகளும் பலகை முழுக்கப் பரவின. பஞ்சுக் கணக்கு கீழ் மூலைக்கு ஒதுங்கியது. "சேர், பஞ்சு எழுத இடமில்ல" என்று ஒரு நாள் சொன்னேன்.

"பஞ்ச விரல்ல எண்ணலாம், உதுமாலெவ்வை. இலத்திரன விரல்ல எண்ண ஏலாது" என்றார்.

அவர் சத்தம் போட்டு ஒரு நாளும் நான் கேட்டதில்லை. ஏசவும் மாட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தலையைக் கொஞ்சம் சரித்து, "சரி, இலத்திரன் எங்க இருந்து எங்க போகுது? அத மட்டும் சொல்லுங்க, மிச்சத்த நான் பாக்கிறன்" என்பார். பயிற்சி டொக்டர்மார் வியர்த்துப் போவார்கள். தள்ளுவண்டி தள்ளுகிறவரிடமும் கேட்பார். தரை கழுவுகிற ராத்தா ஒரு நாள் குளோரினையும் கழிவறை கழுவும் அசிட்டையும் ஒரே வாளியில் ஊற்றப் போனபோது, அவரை நிறுத்தி, சுவரில் கீறி, என்ன வாயு வரும், அது நெஞ்சை என்ன செய்யும் என்று கால் மணித்தியாலம் விளங்கப்படுத்தினார். அந்த ராத்தா அதன் பிறகு அந்த இரண்டு போத்தல்களையும் ஒரே அறையில் கூட வைக்கவில்லை. டொக்டர் சொன்னதில் விஷயம் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது.

அப்படிப்பட்டவர் காலத்தில்தான் பட்டியல்கள் வந்து சேர்ந்தன. இரண்டு வகை. ஒன்று, ஒவ்வொரு நோயாளிக்கும் நிரப்ப வேண்டிய ஒற்றைத் தாள்: பெயர், எந்தப் பக்கத்தில் வெட்டு, பல் கட்டியிருக்கிறாரா, சாப்பிட்டாரா, ஒவ்வாமை உண்டா. மற்றது, ஆபத்து வந்தால் வாசிக்க வேண்டிய அட்டைகள். இதயம் நின்றால் ஓர் அட்டை, மூச்சுக்குழாய் அடைத்தால் ஓர் அட்டை, பிரஷர் விழுந்தால் ஓர் அட்டை. லமினேட் பண்ணி, வளையம் கோர்த்து, மூன்று மொழியிலும் அச்சடித்து, மேலிடத்திலிருந்து சுற்றறிக்கையோடு வந்தன.

டொக்டர் அட்டைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "சந்தைக்குப் போறவருக்குப் பட்டியல் வேணும். உடம்புக்குப் பொறிமுறை, ஏன் எப்படி எண்டது, விளங்க வேணும். விளங்கினவருக்கு இது என்னத்துக்கு?" என்றார்.

எனக்கும் அது வசதியாக இருந்தது. அட்டைகள் ஸ்டோர் பதிவேட்டில் ஏறிய சாமான்கள். தொலைந்தால் நான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். இதயம் நின்றால் எடுக்க வேண்டிய அட்டை பூட்டுக்குள், திறப்பு என் சட்டைப் பைக்குள், நான் சிலவேளை கன்ரீனுக்குள். மேலிடத்திலிருந்து யாராவது பார்க்க வரும் நாட்களில் அட்டைகளை வெளியே எடுத்து, துடைத்து, தொங்கவிட்டு, அவர்கள் போனதும் திரும்பப் பூட்டுவேன். அட்டைகள் புதுக்கருக்கு அழியாமல் இருக்கின்றன என்று ஒருவர் பாராட்டிக்கூட எழுதிவிட்டுப் போனார்.

ஒற்றைத் தாள் விஷயம் இன்னும் சுகம். சத்திரசிகிச்சை நிபுணர் காலையிலேயே ஆறு தாளிலும் வெறுமனே கையெழுத்து வைத்துவிடுவார். நான் மேலிருந்து கீழே சரி, சரி, சரி என்று இறங்கிவிடுவேன். ஒவ்வாமை என்ற இடத்தில் மட்டும் சரி போட முடியாது, சொல்லால் எழுத வேண்டும். ஆகவே அந்த ஒரு கேள்வியை மட்டும் நோயாளியிடம் நேரிலேயே கேட்பேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. நான் கேட்கிற விதம் இதுதான்: "வாப்பா, வருத்தம் கிருத்தம் ஒண்டும் இல்லத்தானே, மருந்து ஒண்டும் ஒத்துக்காமப் போனதில்லத்தானே, சுகந்தானே?"

ஒரே மூச்சில் கேட்டால் ஒரே மூச்சில் பதில் வரும்: "அல்ஹம்துலில்லாஹ்."

எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும். கால் முறிந்து கிடந்தாலும் சுகமா என்று கேட்டால் அல்ஹம்துலில்லாஹ்தான். அல்லாஹ் தந்த உடம்பைப் பற்றி அந்நிய ஆளிடம் முறைப்பாடு வைப்பது நன்றி கெட்ட வேலை என்று நினைப்பார்கள். பாண்டிருப்பிலிருந்தும் திருக்கோவிலிலிருந்தும் வருகிற தமிழ் ஆட்கள் "ஏதோ இருக்கன் தம்பி" என்பார்கள். அதுவும் பதில் இல்லைதான். நான் இரண்டு வகைப் பதிலையும் கேட்டு, பாகுபாடில்லாமல், "இல்லை" என்று எழுதுவேன்.

சுகிர்தா வந்து சேர்ந்து ஒரு மாதமிருக்கும். ஒரு நாள் காலையில் பார்த்தால் அட்டைகள் சேலைன் தொங்கவிடும் கம்பியில், பென்டேஜ் துண்டால் கட்டித் தொங்குகின்றன.

"ஆர் எடுத்த இத?"

"நான்தான் சேர். லாச்சிக்குள்ள கிடந்த மற்றத் திறப்பால திறந்தன்."

"இது பதிவேட்டில உள்ள சாமான், பிள்ள. தொலைஞ்சா?"

"வாசிக்காமத் தொலைஞ்சாலும் தொலைஞ்சதுதானே சேர்" என்றார், பணிவாகத்தான். பொறுப்பேற்று எழுதித் தரும்படி கேட்டேன். எழுதித் தந்துவிட்டார். அந்தத் துண்டை மடித்து என் பேர்ஸில் வைத்துக்கொண்டேன். யாராவது கேட்டால் காட்டலாம் அல்லவா.

இனி ஆதம்பாவா போடியார் கதை.

நிந்தவூர்ப் பக்கத்தில் வயல் உள்ளவர். அறுபது வயது, வைரம் பாய்ந்த உடம்பு, குடலிறக்கம். மூட்டை தூக்கி வந்ததென்று சொன்னார். அவருக்குக் கூலியாட்கள் இருந்தார்கள். ஆனாலும் பிறர் தூக்குவது சரியில்லை என்று தானே தூக்குகிற ரகம். மனைவி சுபைதா உம்மா தள்ளுவண்டியோடு தியேட்டர் வாசல் வரைக்கும் நடந்து வந்தார். வாசலில் அவருடைய தொப்பியையும் மோதிரத்தையும் அவிழ்த்து மனைவி கையில் கொடுத்தேன். சுபைதா உம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "பயப்பட வேணாம், சின்ன ஒப்பரேசன்" என்று சொல்லிக் கதவை மூடினேன். வாசலில் நிற்கிற பெண்கள் எப்போதும் பயத்தில்தான் வாயெடுப்பார்கள் என்பது என் நீண்டகால அனுபவம்.

உள்ளே கொண்டுபோய்க் கேட்டேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார் போடியார். எழுதினேன்: ஒவ்வாமை: இல்லை.

அன்று காலை இரண்டு பயிற்சி டொக்டர்மாருக்கு டொக்டர் தவநேசன் பெனிசிலின் சொல்லிக் கொடுத்திருந்தார். பலகை நடுவில் பெரிதாக ஒரு நாலு மூலை வளையம். அந்த வளையம் இயல்பாக நிற்கிற வளையமில்லையாம். மடக்கிப் பிடித்த பிரம்பு போல எப்போது விடுபடலாம் என்று இருக்குமாம். நம் இரத்தத்தில் உள்ள புரதத்தின் ஒரு நைதரசன் தன் இலத்திரன் சோடியைக் கொண்டு வந்து வளையத்தில் முட்டும், வளையம் உடையும், மருந்து புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டதைப் பார்த்துச் சிலருடைய உடம்பு இது நம்முடைய பொருளில்லை என்று எதிர்க்கும். அதுதான் ஒவ்வாமை. என் வாழ்க்கையில் எனக்கு ஒழுங்காக விளங்கிய ஒரே பொறிமுறை அது. அம்புகள் அவ்வளவு அழகாக இருந்தன.

போடியாருக்கு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தார்கள். ஆள் முழிப்புத்தான். பிறகு, கிருமி தொற்றாமலிருக்கக் கொடுக்கிற மருந்தை, அதே பெனிசிலின் குடும்பத்து மருந்தை, நான் சேலைனோடு ஏற்றிவிட்டேன். பச்சைத் துணிகளால் அவரைக் கழுத்து வரைக்கும் மூடினோம்.

"மனே, உள்ளங்கை ரெண்டும் கடிக்கிது" என்று விரல்களால் சொறியப் பார்த்தார் போடியார்.

"இஞ்ச ஏசி வாப்பா, நுளம்பு கடிக்க வராது. ஸலவாத்து ஓதிக்கொண்டு கண்ண மூடுங்க" என்றேன்.

ஓதத் தொடங்கினார். மெல்லிய குரல், நல்ல உச்சரிப்பு. மூன்றாவது தரமோ நாலாவது தரமோ ஓதும்போது பாதியில் நின்றது. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். மொனிட்டர் கத்தியது. பிரஷர் தொண்ணூறு. அடுத்த தரம் எழுபது.

டொக்டர் தவநேசன் பதறவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "முதுகு ஊசிதான். நரம்பு மரத்தா இரத்தக் குழாய் விரியும். குழாய் விரிஞ்சா பிரஷர் இறங்கும். இலகுவான பொறிமுறை" என்று பயிற்சி டொக்டர்மாருக்குச் சொல்லிக்கொண்டே பிரஷரை ஏற்றுகிற மருந்தைக் கொடுத்தார், சேலைனைத் திறந்துவிட்டார். பிரஷர் ஏறவில்லை. அறுபது. "அப்ப மருந்து மேல ஏறியிருக்கு. நெஞ்சுக்குப் போற நரம்பையும் பிடிச்சிருக்கு" என்றார். அதையும் அழகாக விளங்கப்படுத்தினார். பயிற்சி டொக்டர்மார் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். போடியாருக்கு மூச்சு விசில் போல இழுக்கத் தொடங்கியிருந்தது. எங்கள் எல்லோருக்கும் முன்னால் அந்த நாலு மூலை வளையம் அம்புகளோடு சுவரில் இருந்தது.

ஐம்பது.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல், தேவாலயத்தில் வாசகம் வாசிக்கிற குரல். சுகிர்தா ஞாயிற்றுக்கிழமைகளில் தன் ஊர்த் தேவாலயத்தில் வாசிக்கிறவர், அந்தப் பழக்கம். "பிரஷர் விழுந்தால். ஒன்று. உதவிக்கு ஆள் அழைக்கவும். இரண்டு. ஒருவர் இந்த அட்டையைச் சத்தமாக வாசிக்கவும்."

"பிள்ள, நான் யோசிச்சிக்கொண்டு நிக்கிறன்" என்றார் டொக்டர்.

"யோசிங்க சேர். நான் வாசிக்கிறன்" என்றார் சுகிர்தா. வாசித்தார். "மூன்று. துணிகளை விலக்கி நோயாளியின் தோலைப் பார்க்கவும்."

சுகிர்தா அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "சேர், துணி" என்றார். நான் துணியைத் தூக்கினேன்.

போடியாரின் நெஞ்சும் கழுத்தும் வயிறும் செக்கச் செவேலென்று தடித்துப் போயிருந்தன. டொக்டர் அதைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பிப் பலகையைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெறுமையை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

"அட்ரினலின்" என்றார்.

"நாலு. ஏறிக்கொண்டிருக்கும் மருந்தை நிறுத்தவும்" என்று சுகிர்தா வாசித்துக்கொண்டே இருந்தார். நிறுத்த வேண்டிய மருந்து நான் தொங்கவிட்டது. நிறுத்தினேன். கால்களை உயர்த்தினோம், ஒக்ஸிஜன் கொடுத்தோம், சேலைனைப் பிதுக்கிப் பிதுக்கி ஏற்றினோம். டொக்டரின் கை மறுபடி பழைய கையானது. ஒரு ஊசி, இன்னொரு ஊசி. ஒவ்வொன்றாகச் செய்யச் செய்யச் சுகிர்தா அடுத்ததை வாசித்தார். அந்த மனுசன் என் கையெழுத்தால் சாகப் போகிறார் என்ற நினைப்பைத் தவிர வேறெதுவும் என் மண்டைக்குள் இல்லை. யா அல்லாஹ், இவரை எடுத்துவிடாதே என்று உள்ளுக்குள் அழுதேன். அவருக்காக அழுதேனா எனக்காக அழுதேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அறுபது வந்தது. எழுபத்தைந்து வந்தது. நூறைத் தாண்டியபோது போடியாரின் உதடுகள் அசைந்தன. ஸலவாத்தை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

குடலிறக்க ஒப்பரேசனை அன்று செய்யவில்லை. அவரை அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பிவிட்டு வெளியே வந்தேன். சுபைதா உம்மா அதே வாசலில், தொப்பியையும் மோதிரத்தையும் பிடித்த கையோடு நின்றார். மருந்தொன்று ஒத்துக்கொள்ளவில்லை, இப்போது சுகம் என்றேன்.

"பெனிசிலினா?" என்றார்.

தலையை ஆட்டினேன். சுபைதா உம்மா சொன்னார்: "கலியாணம் முடிச்ச வருசம், வேளாண்ம வெட்டக்குள்ள கால்ல அரிவாள் பட்டு ஊசி போட்டாங்க. உடம்பெல்லாம் தடிச்சி விழுந்திட்டாரு. அந்த டொக்டர் என்னட்டத்தான் சொன்ன, இந்த ஊசி இனி இவருக்குக் கூடா எண்டு. அவரு மறந்திருப்பாரு. நான் மறக்கல்ல. இந்த வாசல்ல தானே தம்பி நிண்டன். என்னட்ட ஒருத்தரும் கேக்கல்லியே."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பின்னேரம் டொக்டர் தவநேசன் அந்த ஒற்றைத் தாளோடு வந்தார். "இத எழுதினது நீங்கதானே?"

"ஓம் சேர்."

"கேட்டீங்களா?"

"கேட்டன்."

"என்ன சொன்னாரு?"

"அல்ஹம்துலில்லாஹ் எண்டாரு."

தாளை மேசையில் வைத்தார். "நீங்க பதிலக் கேக்கல்ல. நான் கண்ணால பாக்கல்ல. நாலு நிமிசம் நல்ல வடிவாப் பிழையான அம்பு கீறிக்கொண்டு நிண்டிருக்கன்" என்றார். பிறகு சுகிர்தாவைக் கூப்பிட்டு அட்டைகளை வாங்கி, ஸ்டூலில் உட்கார்ந்து, முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டை வரை வாசித்தார். மறுநாள் காலை பலகையின் பெரும்பகுதி வெறுமையாக இருந்தது. நாலு மூலை வளையம் கீழ் மூலைக்குப் போயிருந்தது. நடுவில் பஞ்சுக் கணக்கு எழுத நிறைய இடம் கிடைத்தது.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். பிளேன்ரீ குடித்தார்கள், போடியாரின் தாளை எடுத்தார்கள். எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருக்கின்றன, எல்லாக் கையெழுத்தும் இருக்கிறது, எழுத்தும் தெளிவாக இருக்கிறது. பட்டியல் முழுமையாகப் பின்பற்றப்பட்டுள்ளது, நடந்தது தவிர்க்க முடியாதது என்று எழுதினார்கள். நான் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன், "இன்னொரு பிளேன்ரீ போடட்டா சேர்?" என்றுதான் வந்தது. சில மாதத்தில் பட்டியலைச் சிறப்பாகப் பின்பற்றும் தியேட்டர் என்று எங்களுக்குச் சான்றிதழ் வந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டது. பொறுப்புத் தாதி என்ற இடத்தில் என் பெயர். அதன் பிறகு பொத்துவில் வரைக்கும் போய்ப் பட்டியல் நிரப்புவது எப்படி என்று வகுப்பெடுத்தேன். மத்தியானச் சாப்பாடும் தந்தார்கள்.

ஒன்று மட்டும் செய்தேன். நோயாளியை உள்ளே எடுக்கும் முன், வாசலில் நிற்கிற மனைவியிடமோ உம்மாவிடமோ மகளிடமோ நின்று கேட்கத் தொடங்கினேன். இந்தக் கேள்வியைத் தாளில் ஒரு வரியாகச் சேர்க்கலாமா என்று மேலிடத்துக்கு எழுதினேன். படிவம் அச்சில் உள்ளது, வரி சேர்க்க இடமில்லை என்று பதில் வந்தது. ஆகவே வாயால் மட்டும் கேட்டோம். சுகிர்தாவும் கேட்டார்.

போடியார் இரண்டு மாதம் கழித்து வந்து, வேறு மருந்தோடு, நல்லபடியாக ஒப்பரேசன் செய்துகொண்டார். போகும்போது என் கையைப் பிடித்து, "எண்ட உசிரக் காப்பாத்தின புள்ள" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு போகமும் வெட்டி முடிய ஒரு சட்டி எருமைத் தயிர் வீட்டுக்கு வரும். இத்தனை வருடமும் வந்தது. நானும் வெட்கமில்லாமல் சீனி போட்டுச் சாப்பிட்டேன். ஒவ்வொரு தரமும் இந்த முறை சொல்லிவிடுவது என்று நினைப்பேன். தயிர் முடிந்துவிடும், நினைப்பும் முடிந்துவிடும்.

போன மாதம் எனக்கே ஒரு குடலிறக்கம். அதே தியேட்டர். முகம் தெரியாத ஒரு புதுத் தாதி, கையில் டெப்; விழாவுக்கு முன்பே பழகிப் பார்க்கக் கொடுத்திருந்தார்கள். "சேர், ஏதும் மருந்து ஒத்துக்காமப் போனதா? வேற வருத்தமேதும்? பிரஷர் குளிசை ஒழுங்காக் குடிக்கிறீங்களா?" என்று ஒவ்வொன்றாக, நிறுத்தி, மரியாதையாகக் கேட்டார். ஆயிரம் பேரிடம் கேட்டவன் நான். வகுப்பெடுத்தவன் நான். மல்லாந்து படுத்துக்கொண்டு சொன்னேன்: "அல்ஹம்துலில்லாஹ்."

அந்தப் பிள்ளையின் விரல் பெட்டிக்கு மேலே நின்றது. டெப்பைத் தட்டில் வைத்தார். எழுந்து போய்க் கதவைத் திறந்தார். "மாமி, இவரு குளிசை ஒழுங்காக் குடிக்கிறாரா?" என்று கேட்பது எனக்குக் கேட்டது. அடுத்ததாக என் மனைவியின் குரல், தியேட்டர் முழுக்கக் கேட்கும்படி: "ரெண்டு மாசமாக் குடிக்கிறல்ல மகள். பூச்சாடிக்குள்ள போடுறாரு. எனக்குத் தெரியா எண்டு நினைக்கிறாரு."

பிரஷரை அளந்து பார்த்து, ஒப்பரேசனைப் பத்து நாள் பிற்போட்டார்கள். "இந்த வாசல் கேள்வி டெப்பில இரிக்கா?" என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். "இல்ல சேர். சுகிர்தா மிஸ்தான் கேக்கச் சொன்னவ" என்றார்.

இவ்வளவையும் எழுதி முடித்த பிறகு மலருக்கு அனுப்பக் கை வரவில்லை. யாருக்கு முதலில் வாசித்துக் காட்ட வேண்டுமோ அவருக்கு வாசிக்காமல் அச்சில் போடுவது இன்னொரு கள்ள வேலை. நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு நிந்தவூருக்குப் போனேன். போடியாருக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். கிட்டப் போயிருந்து, இந்தத் தாள்களை, பெனிசிலின் வளையத்தை மட்டும் விட்டுவிட்டு, முழுக்க வாசித்தேன். சுபைதா உம்மா கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்டார்.

வாசித்து முடித்து, "போடியார், அந்தத் தாள்ல இல்ல எண்டு எழுதின நான்தான். என்னைப் பொறுத்துக்கொள்ளுங்க" என்றேன்.

போடியார் முற்றத்தின் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

நான் எழுந்து வாசலுக்குப் போய்ச் சுபைதா உம்மாவிடம் கேட்டேன்.

"அவருக்குக் கோவந்தான்" என்றார் அவர். "காட்ட மாட்டாரு. எனக்கும் கோவந்தான் தம்பி, நான் காட்டுவன். இத்தன வருசமாத் தயிரத் திண்டிட்டு இண்டைக்கு வந்து சொல்றீங்க." உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் துணி கட்டிய சட்டி இருந்தது. "இந்தப் போகத்துத் தயிர். கொண்டு போங்க. ஆனா இந்த முற சட்டிய ஆள் கிட்டக் குடுத்தனுப்ப வேணாம். நீங்களே கொண்டு வந்து தாங்க."